நீங்கள் இல்லாத 16 நாள்

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, முக்கியமானதை மட்டும் தருகிறேன். இந்தத் துறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நெட்வொர்க் மார்க்கெட்டிங் என்பது கம்பெனிப் பொருளை நேரில் விற்று, ஆள் சேர்த்து, அவர்கள் டீம் வாங்குவதிலும் கமிஷன் பெறுகிற வியாபாரம். ஐடி என்பது சேர்ந்தவரின் உறுப்பினர் எண், ஆக்டிவ் என்றால் அந்த மாதம் பொருள் எடுத்தவர், ரேங்க் என்பது டீம் எடுத்த பொருளை வைத்துக் கம்பெனி தரும் படிநிலை, அப்லைன் என்பவர் நமக்கு மேலே இருப்பவர், பிளான் என்பது ஆள் சேர்க்கக் காட்டும் கமிஷன் திட்டம்.

"அக்கா, எனக்கு 37 வயது. நாலு வருடமாக நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் இருக்கிறேன். வீடு சுத்தம் செய்யும் பொருட்கள், புரோட்டீன் பவுடர், சோப்பு, இந்த மாதிரி. டீமில் 140 ஐடி இருக்கிறது, மாதாமாதம் ஆக்டிவாக இருப்பவர்கள் 22 பேர். போன மாசியில் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். 16 நாள் சேலத்தில் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். அந்த 16 நாளில் டீம் முழுவதிலும் சேர்த்து மூன்றே மூன்று ஆர்டர். ரேங்க் போய்விடக் கூடாதே என்று மாதக் கடைசியில் 11,000 ரூபாய்க்கு நானே பொருள் எடுத்தேன். அப்லைன் சாரிடம் அழுதேன். 'செத்த ஐடியை விடும்மா, பசியோடு இருக்கிற ஆளைப் பிடி' என்றார். என் நாத்தனார் என் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர், 6,000 ரூபாய்ப் பொருள் விற்காமல் பீரோவில் கிடக்கிறது, ஒரு வருடமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் இல்லாவிட்டாலும் ஓடுகிற டீமை எப்படி உண்டாக்குவது? லீடர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மா எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்களா? இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கூட இருப்பவருக்கு வேலையே அதிகம் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் கீழே சொல்வதை எல்லாம் நாளைக்கே செய்ய வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒன்றைத் தவிர. அது மாதக் கடைசியில் சொந்தப் பணத்தில் பொருள் எடுப்பது. அதை இந்த மாதமே நிறுத்திவிடுங்கள், காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

இந்தத் துறையில் 12 வருடம் இருந்தேன். இப்போது கோயம்புத்தூரில் சிறு நிறுவனங்களின் விற்பனை ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், லீடரை எங்கே தேடுவது என்ற கேள்வியை ஒரு மாதம் ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 140 ஐடி என்று இருக்கிறது, 22 ஆக்டிவ் என்று இருக்கிறது, ரேங்க், அப்லைன், மீட்டிங் எல்லாம் இருக்கிறது. பொருளை வாங்கிப் பயன்படுத்துகிற ஒரு வீட்டைப் பற்றி, ஒரு வாடிக்கையாளரைப் பற்றி, ஒரு வரி கூட இல்லை. உங்கள் டீம் 16 நாளில் உட்கார்ந்துபோன காரணம் அங்கேதான் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த 22 பேரில் ஒவ்வொருவருக்கும் 10 வீடு இருக்கிறது என்று வையுங்கள். ஐடி எதுவும் போடாத, பிளான் பார்க்காத, பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் துணி சோப்பும் மட்டும் வாங்குகிற வீடுகள். வீட்டுக்கு மாதம் 400 ரூபாய் என்றால் 220 வீட்டுக்கு 88,000 ரூபாய். நீங்கள் சேலம் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் அந்த 220 வீட்டிலும் பாத்திரம் கழுவியாக வேண்டும், துணி துவைத்தாக வேண்டும். லிக்விட் தீர்ந்தால் அவர்களே போன் பண்ணுவார்கள், உங்களுக்கு இல்லை, யாரிடம் வாங்கினார்களோ அவருக்கு. உங்கள் டீமில் பொருள் நகர்வது யாருக்கோ தேவைப்பட்டதால் அல்ல, நீங்கள் போன் பண்ணி உந்தியதால். போன் நின்றதும் அதுவும் நின்றது.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். 22 பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ஐடி இல்லாமல் அவரிடம் தொடர்ந்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். கம்பெனி ஆப்பில் இந்த எண் வராது, நீங்கள்தான் கேட்டு எழுத வேண்டும். நான் 2009ல் இதை முதல் தடவை எழுதிப் பார்த்தபோது என் டீமில் 31 ஆக்டிவ் ஐடி. அதில் 19 பேருக்கு எதிரே பூஜ்யம் வந்தது. அவர்கள் எல்லாம் என் முகத்துக்காக மாதாமாதம் தங்களுக்கே வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது அந்த 11,000 ரூபாய். நானும் அதைச் செய்தவள்தான். ரேங்கைக் காப்பாற்ற ஒரு மாதம், அடுத்த மாதம் அதை விற்றுவிடலாம் என்று இன்னொரு மாதம், இப்படியே போய் ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் பெருக்குவதற்காக அட்டைப் பெட்டிகளை இழுத்தால் புரோட்டீன் டப்பாக்கள், தேதி முடிந்து நாலு மாதம். எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி விலை போட்டுப் பார்த்தேன். 68,000 ரூபாய். என் பெண்ணுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டிய பணத்தைவிட அது அதிகம். நான் இருந்த கம்பெனி யாரையும் இப்படி வாங்கச் சொல்லவில்லை, எழுத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் ரேங்க் கணக்கு முடிகிற 30ம் தேதி ராத்திரி 10 மணிக்கு மேலே இருந்து வருகிற போன் ஒன்று உண்டு, 'இன்னும் இத்தனை பாயிண்ட்தான் குறைகிறது, பார்த்துக்கோங்க' என்று. அந்தப் போன் உங்களுக்கும் வருகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது.

இதில் பணம் போவது பாதிதான். இன்னொரு பாதி, உங்களைப் பார்த்து உங்கள் டீமும் அதையே கற்றுக்கொள்கிறது. நெட்வொர்க்கில் டூப்ளிகேஷன் என்று நூறு மீட்டிங்கில் கேட்டிருப்பீர்கள், மேலே இருப்பவர் செய்வதைக் கீழே இருப்பவர் அப்படியே செய்வது. நல்லதை மட்டும் செய்வார்கள் என்று யார் சொன்னது? நீங்கள் மாதக் கடைசியில் வாங்கிப் பெட்டியில் வைத்தால் உங்களுக்கு அடுத்தவர் அதை 3,000 ரூபாய்க்குச் செய்வார், அவருக்கு அடுத்தவர் 1,500 ரூபாய்க்கு. உங்கள் நாத்தனாரின் பீரோவில் கிடக்கும் 6,000 அப்படி வந்ததுதானே?

'5 பேரைச் சேருங்கள், அவர்கள் ஆளுக்கு 5 பேரைச் சேர்க்கட்டும்' என்று பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டுவார்கள். நீங்களும் போட்டுக் காட்டியிருப்பீர்கள். அதை ஒரு தடவை கடைசி வரை போட்டுப் பாருங்கள். 5, 25, 125, 625 என்று போய் 11வது வரிசையில் 4 கோடியே 88 லட்சம், 12வது வரிசையில் 24 கோடிக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான், கைக்குழந்தைகளையும் சேர்த்து. ஆகவே எல்லோரும் லீடர் ஆவது என்பது நடக்காது, யாராலும் நடத்த முடியாது. 140 பேரில் லீடராக வரக்கூடியவர்கள் 3 பேர், ரொம்ப நல்ல டீம் என்றால் 5 பேர். மற்றவர்கள் பொருள் பிடித்திருந்தால் வாடிக்கையாளர்கள், பிடிக்காவிட்டால் உறவுக்காரர்கள், தோழிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். அவ்வளவுதான். அவர்களைச் செத்த ஐடி என்று சொல்கிற பழக்கத்தை நீங்களாவது விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் 1979ல் ஆம்வே என்ற நெட்வொர்க் கம்பெனி மீதான வழக்கில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் சொன்ன தீர்ப்பு இந்தத் துறைக்கே அடிப்படை மாதிரி ஆகிவிட்டது. ஆம்வே செய்வது பிரமிட் மோசடியா, அதாவது பொருள் விற்பதில் அல்லாமல் ஆள் சேர்ப்பதிலேயே பணம் பண்ணுவதா, இல்லையா என்பது கேள்வி. இல்லை என்று ஆணையம் சொன்னதற்கு முக்கியக் காரணம் ஆம்வே வைத்திருந்த மூன்று விதிகள். வாங்கிய சரக்கில் 70 சதவீதமாவது ஒவ்வொரு மாதமும் விற்றிருக்க வேண்டும், மாதம் 10 தனி வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், விற்காத சரக்கை ஸ்பான்சர், அதாவது சேர்த்துவிட்டவர், திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வருமானத்தைப் பற்றி மிகைப்படுத்திச் சொன்னதை அதே தீர்ப்பு தவறு என்றும் சொன்னது, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. உங்கள் கம்பெனி எதுவானாலும் சரி, இந்த மூன்றையும் உங்கள் டீமுக்குச் சொந்த விதியாக வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. குறிப்பாக அந்தப் பத்து வீடு. 10 வாடிக்கையாளர் இல்லாதவர் ஆள் சேர்க்கப் போக வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் மாதம் உங்கள் மீட்டிங்கில் கூட்டம் பாதியாகிவிடும். மிச்சமிருக்கும் பாதியோடுதான் உங்கள் வேலை.

சரி, அந்த 3 பேரை எப்படிக் கண்டுபிடிப்பது?

மீட்டிங்கில் மைக் பிடித்துப் பேசுபவரை, குரூப்பில் காலையில் முதல் ஆளாக ஊக்கப் படம் போடுபவரை லீடர் என்று நினைத்து நான் நாலு வருடம் வீணாக்கினேன். இப்போது ஒன்றே ஒன்றுதான் பார்க்கிறேன். பொருள் கொடுத்து ஒரு வாரம் கழித்து 'எப்படிங்க இருக்கு, நுரை போதுமா, கை எரியுதா' என்று கேட்டுப் போன் பண்ணுகிற ஆள் யார்? அவர் சத்தமாகப் பேசமாட்டார், மீட்டிங்குக்குத் தாமதமாக வருவார், பிளான் கேட்டால் தடுமாறுவார். அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

பல்லடம் பக்கம் ஒரு தையல்கார அக்கா என் டீமில் இருந்தார். வீட்டுத் திண்ணையில் மெஷின், பிளவுஸ் வாங்க வருபவர்கள்தான் அவருக்கு ஊர். வாங்க வருபவர்களிடம் முதல் இரண்டு தடவை நான் பேசினேன், அவர் பார்த்தார். மூன்றாவது தடவை பாதி அவர், பாதி நான். நான்காவது தடவை, நான் வாயே திறப்பதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு மூலையில் ஒரு ஸ்டூலில் டீ டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்மணி பிளவுஸ் வாங்க வந்தார். அக்கா தன் வீட்டுக்காரரின் பழைய வெள்ளைச் சட்டையை எடுத்தார், காலரில் கறுப்பு அழுக்கு. அதில் இரண்டு சொட்டு லிக்விட் விட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் நாலு இழுப்பு. ஒன்றும் பேசவில்லை. அலசி எடுத்துக் காட்டினார். அந்தப் பெண்மணி விலை கேட்டார், சொன்னதும் 'கடையில 40 ரூபாய்க்குக் கிடைக்குதே' என்றார்.

அக்கா பதில் சொல்லவில்லை. பத்து நொடி இருக்கும். எனக்கு நாக்கு நுனியில் நாலு பதில், எல்லாம் செமினாரில் கற்றது. டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அக்கா சொன்னார்: 'விலை ஜாஸ்திதான். ஆனா இந்த மூடியில பாதிதான் ஊத்தணும், கவுத்துறாதீங்க. ஒரு பாட்டில் முடியற வரைக்கும் எத்தனை நாள் வருதுன்னு காலண்டர்ல குறிச்சு வைங்க. உங்களுக்குக் கட்டுப்படியாகலேன்னா அடுத்த தடவை கடையிலயே வாங்கிக்குங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.'

அந்தக் கடைசி வாக்கியம் என் வாயிலிருந்து ஜென்மத்துக்கும் வந்திருக்காது. அந்தப் பெண்மணி ஆறு வருடம் அக்காவிடம் வாங்கினார். நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு ஒரு பாட்டில் விற்றிருக்கும், அக்கா அடுத்த தடவையும் 'நீங்க வந்து பேசுங்க' என்று எனக்காகக் காத்திருந்திருப்பார்.

உங்கள் கடிதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையை விவரித்திருக்கிறீர்கள். காலையில் மூன்று பேருக்காக மூன்று வீட்டில் நீங்களே பிளான் காட்டினீர்கள். மதியம் வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரை எல்லாம் சேர்த்து நீங்களே போட்டீர்கள். பார்சல் உங்கள் வீட்டுக்கு வந்தது, நீங்களே பிரித்து வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். இரண்டு பேரிடம் காசு இல்லை, உங்கள் பணத்தைக் கட்டினீர்கள். இவ்வளவும் அன்பினால் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் இதிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: அக்கா வருவாங்க. 16 நாள் அக்கா வரவில்லை.

ஆகவே வேலைகளை ஒவ்வொன்றாகக் கையை விட்டு இறக்குங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் அல்ல. முதலில் ஆர்டர் போடுவது. 3 பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பில் அவர்கள் விரலாலேயே போடச் சொல்லுங்கள், தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை, ரத்து செய்வது எப்படி என்றும் தெரிந்துகொள்வார்கள். அடுத்தது டெலிவரி. பார்சல் அவரவர் வீட்டு முகவரிக்கே வரட்டும். கடனுக்குப் பொருள் இந்த வாரத்தோடு நிற்க வேண்டும், இதில் மட்டும் இரக்கம் பார்க்காதீர்கள். கடன் வாங்கினவர் உங்களைப் பார்த்தால் தெருவில் வேறு பக்கம் திரும்புவார், அப்படித்தான் நான் இரண்டு நல்ல ஆட்களை இழந்தேன். கடைசியாக மீட்டிங். அதை விடும்போது உங்களுக்கே வலிக்கும், ஏனென்றால் மீட்டிங்கில் பேசுவது உங்களுக்குப் பிடிக்கும். மாதத்தில் ஒரு மீட்டிங்குக்கு நீங்கள் போகவே போகாதீர்கள்.

குரூப்பில் யாராவது கேள்வி கேட்டால் அடுத்த நிமிஷம் பதில் போடுகிறீர்கள் அல்லவா? இரண்டு மணி நேரம் பொறுங்கள். முதல் வாரம் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள், கேட்டவர் கோபமாக உங்களுக்கே போன் பண்ணுவார். மூன்றாவது வாரம் யாரோ ஒருவர் பதில் போடுவார். அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டுப் புத்தகம் ஒன்று வேண்டும். ஆப் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று கேட்பார்கள். ஆப் கம்பெனியுடையது, அதில் இருப்பது பாயிண்ட். நோட்டு அவர்களுடையது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம்: பெயர், வீட்டில் எத்தனை பேர், என்ன வாங்கினார், எந்தத் தேதி, அது எத்தனை நாளைக்கு வரும், அடுத்த போன் எப்போது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு லிட்டர் பாட்டில் 40 நாள் வருகிறது என்றால் 35வது நாள் போன். முந்தினால் தொந்தரவு, பிந்தினால் அவர் கடைக்குப் போயிருப்பார். தையல்கார அக்காவின் நோட்டில் ஒரு பக்கத்தில் 'மாமியாருக்குக் கை எரிச்சல், இந்த சோப்பு வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்த மாதம் அவர் தங்கை அந்த நோட்டைப் பார்த்து வியாபாரத்தை நடத்தினார், ஒரு வீடு கூடத் தப்பவில்லை. தானாக ஓடும் டீம் என்று நீங்கள் கேட்டீர்களே, நான் கண்ணால் பார்த்த தானாக ஓடும் டீம் அந்த 80 பக்க நோட்டுதான்.

ஒருவரை லீடர் என்று எப்போது சொல்வது? அவர் ஆள் சேர்த்தால் அல்ல. அவர் சொல்லிக்கொடுத்த ஆள் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து, அந்த மூன்றாமவர் தன் பத்து வீட்டைப் பிடிக்கும்போது, நீங்கள் அந்த மூன்றாமவரின் வீடு எங்கே இருக்கிறது என்று கூடத் தெரியாமல் இருந்தால், அந்த முதல் ஆள் லீடர். இதற்கு எப்படியும் ஒரு வருடம் ஆகும். 90 நாளில் லீடர் என்று விற்கிற பயிற்சி டிக்கெட்டுகளை வாங்காதீர்கள்.

டப்பர்வேர் என்ற பிளாஸ்டிக் டப்பாக் கம்பெனியின் கதை ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது, உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதில் இருக்கிறது. அந்த டப்பாக்கள் அமெரிக்கக் கடைகளில் தூங்கின, மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றுவது எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. பிரவுனி வைஸ் என்ற பெண் அதை வீட்டுக் கூடத்தில் பத்துப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துச் செய்து காட்டி விற்றார். 1951ல் கம்பெனி கடை விற்பனையையே நிறுத்திவிட்டு வீட்டு விருந்து விற்பனையை அவர் பொறுப்பில் விட்டது. 1954ல் பிசினஸ் வீக் பத்திரிகையின் அட்டையில் வந்த முதல் பெண் அவர். 1958ல் அவரையே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் விருந்துகள் நிற்கவில்லை, பல பத்தாண்டுகள் பல நாடுகளில் நடந்தன. ஏனென்றால் செய்முறை அவர் தலைக்குள் இல்லாமல் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் இருந்தது. டப்பாவை எடு, மூடு, அழுத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டு. யார் வேண்டுமானாலும் செய்யலாம். உங்கள் பொருளில் அந்த நாலு அசைவு எது? அதைக் கண்டுபிடித்தால் உங்கள் 45 நிமிஷப் பிளான் பேச்சைத் தூக்கிப்போட்டுவிடலாம். அதே கம்பெனி 2024ல் திவால் மனு போட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாங்குகிறவர் பழக்கம் மாறினால் எவ்வளவு நல்ல செய்முறையும் காப்பாற்றாது, அதனால் நோட்டில் எழுதுவதை நிறுத்தவே கூடாது.

சட்ட விஷயம் கொஞ்சம். 2021 டிசம்பரில் நம் நாட்டில் நேரடி விற்பனைக்கு என்று நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்துவிட்டன. பிரமிட் திட்டமும், ஆள் சேர்ப்பதை வைத்துச் சுலபமாகப் பணம் வரும் என்று காட்டிப் பணம் வாங்குகிற பணச் சுழற்சித் திட்டமும் தடை. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனைக்காக யார் வீட்டுக்கும் போகக் கூடாது. பேச ஆரம்பிக்கும்போதே நான் யார், எந்தக் கம்பெனி, எதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். 'ஒரு சின்ன விஷயம் பேசணும், சாயங்காலம் வீட்டுக்கு வாங்க' என்று வரவழைத்துப் பிளான் காட்டுகிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு இதில் இடமே இல்லை. உங்கள் டீமில் இன்னும் அது நடக்கிறது என்றால் உங்களிடமிருந்துதான் கற்றிருப்பார்கள். கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து வைத்துப் படியுங்கள், விற்காத பொருளைத் திரும்ப எடுக்க எத்தனை நாள், என்ன நிபந்தனை, குறைதீர் அதிகாரி யார் என்று குறித்து டீமில் எல்லோருக்கும் கொடுங்கள்.

அப்புறம், டீமில் ஒருவர் இந்தப் பவுடர் குடித்துச் சர்க்கரை குறைந்தது என்று குரூப்பில் போட்டதாகவும் அதன் பிறகு விற்பனை கூடியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954ம் வருடச் சட்டத்தின்படியே குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்தச் செய்தியைப் படித்து யாரோ ஒரு தாத்தா மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? நீங்கள் கண்டும் காணாமல் விட்ட ஒரு வாக்கியம் மூன்று கை மாறும்போது மருத்துவரே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

உங்கள் அப்லைன் சொன்ன 'பசியோடு இருக்கிற ஆளைப் பிடி' பற்றி. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவருக்கும் மேலே இருந்து 30ம் தேதி போன் வரும். ஆனால் பணக் கஷ்டத்தில் இருப்பவரைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது எனக்கு எப்போதும் உறுத்திய விஷயம். அவர் நிதானமாகப் பத்து வீட்டைப் பிடிக்கக் காத்திருக்க முடியாது, அடுத்த மாத வாடகைக்கு இப்போதே பணம் வேண்டும், அதனால் தெரிந்தவர்களை எல்லாம் அவசரமாக உள்ளே இழுப்பார், மூன்று மாதத்தில் கடனோடும் கெட்ட பெயரோடும் வெளியேறுவார். அப்படிப் போன ஒவ்வொருவரும் ஒரு தெருவையே உங்களுக்கு மூடிவிட்டுப் போகிறார்.

ஆக்டிவ் இல்லாத 118 பேருக்கும் போன் பண்ணுங்கள். ஒரு நாளைக்கு நாலு பேர் என்றால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். சேர்க்கவோ விற்கவோ வேண்டாம். 'பொருள் ஏதாவது விற்காமல் இருக்கா? உங்களுக்கு வாங்கிப் பயன்படுத்த மட்டும் இஷ்டமா? இல்லை, விட்டுடலாமா?' என்று கேட்டு, சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். சிலர் திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வரிசையில் முதல் ஆள் உங்கள் நாத்தனார்தான், அவருக்குப் போன் அல்ல, நேரில். பிளானைப் பற்றியோ கம்பெனியைப் பற்றியோ பேசாதீர்கள். பீரோவைத் திறக்கச் சொல்லி, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துத் தேதி பாருங்கள். கம்பெனி திரும்ப எடுக்கும் காலத்துக்குள் இருப்பதை அனுப்ப வழி செய்யுங்கள், ஒரு வருடம் ஆகிவிட்டதால் பெரும்பாலும் இருக்காது. தேதி இருப்பதை நீங்கள் வாங்கிக்கொண்டு உங்கள் வாடிக்கையாளருக்கு விற்றுக்கொள்ளுங்கள். தேதி முடிந்ததற்கும் பணம் கொடுங்கள். ஆமாம், உங்கள் பணம்தான். ரேங்குக்காக 11,000 கொடுக்க முடிந்த உங்களால் இதற்கு 6,000 கொடுக்க முடியும், ஒரே தடவையாக முடியாவிட்டால் மூன்று மாதத்தில். 'நான் உன்னை விற்கக் கற்றுக்கொடுக்காமல் வாங்க மட்டும் வைத்துவிட்டேன், அது என் தப்பு' என்று சொல்லுங்கள். அவர் உடனே சிரித்துப் பேசிவிடுவார் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு இப்படி ஒரு சித்தி பெண் உண்டு, பணம் கொடுத்த பிறகும் எட்டு மாதம் ஆனது. ஆனால் விஷயம் டீமில் பரவும், அக்கா திரும்ப எடுத்துக்கிட்டாங்க என்று. அதற்குப் பிறகு நீங்கள் ஒரு பொருளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் நம்புவார்கள். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரையும் லீடர் ஆக்க முடியாது.

இதையெல்லாம் செய்தால் ரேங்க் போகும். இரண்டு மாதத்திலேயே போகும், கம்பெனியிலிருந்து வரும் கமிஷன் குறையும், மேடையில் உங்கள் பெயர் வராது, சிலர் வேறு ஒருவர் டீமுக்கு ஓடுவார்கள். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். இன்னொரு பக்கம் ஒரு கணக்கு எழுதுங்கள்: வந்த கமிஷன், சில்லறை விற்பனையில் மிஞ்சியது, அதிலிருந்து பெட்ரோல், போன், ஹால் வாடகை, செமினார் டிக்கெட், பஸ், சொந்தமாக எடுத்த பொருள் எல்லாவற்றையும் கழியுங்கள். நான் என் கணக்கை முதல் தடவை எழுதியபோது மாதம் 14,000 சம்பாதிக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், கையில் நின்றது 2,300. ஒரு வருடம் பாருங்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறி, கழித்து நிற்கும் பணமும் ஏறினால் தொடருங்கள். ஏறவில்லை என்றால் டீம் வேலையை விட்டுவிட்டு, உங்களிடம் வாங்குகிற 15, 20 வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் வேறு வேலை பாருங்கள். நாலு வருடம் போட்டாச்சே என்பதற்காக ஐந்தாவது வருடத்தையும் போட வேண்டியதில்லை.

அம்மாவை மறுபரிசோதனைக்கு மறுபடியும் சேலம் கூட்டிப்போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். போகும்போது 5 நாள் அங்கேயே தங்குங்கள். அதற்கு முன்னால் 3 பேரிடம் மட்டும் சொல்லுங்கள், ஒருவர் ஆர்டர், ஒருவர் குரூப்பில் வரும் கேள்வி, ஒருவர் அந்த வார மீட்டிங். போன் எடுக்காதீர்கள், மாதக் கடைசியாக இருந்தாலும் எடுக்காதீர்கள். திரும்பி வந்ததும் எத்தனை ஆர்டர் வந்தது என்று கேட்பதற்கு முன்னால், யார் யாருக்குப் போன் பண்ணினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளையும் 22 பெயர் எழுதிய தாளையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்த 3 பேர் என்பதை அதை வைத்துப் பேசிக்கொள்ளலாம். நாத்தனார் வீட்டுக்கு மட்டும் அதற்கு முன்னாலேயே போய்விட்டு வாருங்கள்.